மட் சீசனில் எங்கே போகலாம்? நியூ இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்குச் சில கேள்வி பதில்கள்

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மட் சீசன், அதாவது சேற்றுக் காலம் என்ற ஒரு ரெண்டுங்கெட்டான் காலம் தொடங்கும். பனிச்சறுக்குக்குப் பனி போதாது, மலையேற்றத்துக்குத் தரை தயாராகவில்லை. வெளியே வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிப் போனால் டிரெயிலின் முதல் வளைவிலேயே ஷூ சேற்றில் சிக்கிக்கொள்ளும். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், மாசச்சூசெட்ஸ், பக்கத்திலுள்ள நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகள் எல்லாவற்றுக்கும் இது பொது. அதற்காக இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கத் தேவையில்லை. இடத்தைக் கொஞ்சம் வேறு விதமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மட் சீசன் எப்போது தொடங்கி எப்போது முடியும்?

காலண்டரில் தேதி குறிக்க முடியாது. பாஸ்டன் பக்கம் மார்ச்சிலேயே வந்து ஏப்ரல் தொடக்கத்தில் போய்விடலாம். வெர்மான்ட்டின் பள்ளத்தாக்குகளில் மார்ச் பின்பாதியும் ஏப்ரலும். உயரமான மலைகளில் மே கடைசி வரை இழுக்கும். வசந்தம் கீழேயிருந்து மேலே ஏறுகிறது, தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஆகவே ஒரே சனிக்கிழமையில் கடற்கரையோரம் தரை காய்ந்திருக்கும், மூன்று மணி நேரம் வடக்கே காரில் போனால் முழங்கால் அளவு பனி இருக்கும், நடுவில் எங்கோ சேறு இருக்கும். இந்த வித்தியாசத்தைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

பனி உருகினால் தண்ணீர் ஓடிப்போய்விடாதா? ஏன் இவ்வளவு சேறு?

குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் மூன்று நான்கு அடி ஆழம் வரைகூட உறைந்துவிடும். வசந்தத்தில் வெயில் முதலில் மேல்மண்ணைத்தான் இளக்கும். அதற்குக் கீழே இன்னும் கெட்டியாக உறைந்த அடுக்கு இருப்பதால், உருகிய பனிக்கும் பெய்த மழைக்கும் இறங்கிப் போக வழியில்லை. அடியில் ஓட்டையில்லாத பூந்தொட்டியில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அடி அடுக்கும் உருகி முடியும் வரை மேல்மண் பொதபொதவென்றே கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. மண் உறையும்போது அதற்குள் மெல்லிய பனிக்கட்டி அடுக்குகள் வளர்ந்து மண்ணை மேலே தூக்கிவிடும். அவை உருகியபின் மண் தளர்ந்து, பிடிப்பில்லாமல் இருக்கும். பார்க்க உலர்ந்ததுபோல் இருக்கும் இடம் மிதித்தால் அமுங்குவது இதனால்தான்.

பனிப் போர்வை போர்த்திய காட்டுத் தரையைவிட, பனியை வழித்தெடுத்த மண்சாலை இன்னும் ஆழமாக உறையும். குளிரைத் தடுக்க அதன்மேல் எதுவும் இல்லையே. ஏப்ரலில் காட்டைவிடக் காட்டுக்குப் போகும் சாலை மோசமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். கோடையில் நாம் "எந்த மலை, எந்த அருவி" என்று தொடங்குவோம். மட் சீசனில் "காலுக்கடியில் என்ன இருக்கிறது" என்பதுதான் முதல் கேள்வி.

தார் போட்ட பாதை, பலகை நடைபாதை, மணல், கடற்கரைப் பாறை என்றால் கவலையே இல்லை. அடுத்தது மண்ணின் வகை. பனியுகத்தில் பனிப்பாறைகள் உருகி ஓடியபோது சில இடங்களில் மணலையும் சரளையையும் கொட்டிவிட்டுப் போயின. மாசச்சூசெட்ஸின் கேப் காட் தீபகற்பம் முழுக்க அப்படித்தான். பிளிமத் அருகே உள்ள மைல்ஸ் ஸ்டாண்டிஷ் காடும், நியூயார்க்கின் ஆல்பனி பைன் புஷ்ஷும் அதே ரகம். பைன் மரங்களும் குட்டை ஓக் மரங்களும் நிற்கும் இந்த மணற்காடுகளில் மழை பெய்த மறுநாளே நடக்கலாம். இதற்கு நேரெதிர் ஷாம்ப்ளேன் ஏரிக் கரையின் களிமண். ஒரு காலத்தில் ஏரியும் கடல்நீரும் மூடிக் கிடந்த அந்தச் சமவெளியில் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும் மண் ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவது, வெயில் படும் திசை. தெற்குப் பார்த்த சரிவு வடக்குப் பார்த்ததைவிட வாரக்கணக்கில் முன்னதாகக் காயும். ஒரே குன்றின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு மாதங்கள் நடந்துகொண்டிருக்கும். மரங்களையும் கவனியுங்கள். ஓக் காட்டில் இலை இன்னும் துளிர்க்காததால் வெயில் தரை வரை இறங்கும். ஹெம்லாக் மரங்கள் ஆண்டு முழுதும் இலையோடு நிழல் தருபவை, அவற்றின் அடியில் ஏப்ரல் கடைசியில்கூடப் பனிக்கட்டி பதுங்கியிருக்கும்.

உயரம் கடைசியாக வந்தாலும் அதுதான் முடிவெடுக்க வைப்பது. அடிராண்டாக்கில் நியூயார்க் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஆண்டுதோறும் 2,500 அடிக்கு மேலே போகவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. மற்ற இடங்களுக்கும் இதையே மனதில் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ஏப்ரலில் அதைவிடவும் நன்றாகக் கீழேயே இருப்பது உத்தமம்.

பொதுவாகச் சொன்னது போதும். நாலைந்து இடம் சொல்லுங்கள்.

கடற்கரையில் தொடங்கலாம். மார்ச், ஏப்ரலில் கேப் காட் முனையில் இருக்கும் பிராவின்ஸ்டவுனுக்குப் போவதற்குச் சேறில்லாத தரை மட்டும் காரணமில்லை. வட அட்லான்டிக் ரைட் திமிங்கலங்கள் இந்த மாதங்களில் கேப் காட் விரிகுடாவுக்கு இரை தேடி வருகின்றன. உலகத்திலேயே நானூறுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் இனம். ரேஸ் பாயின்ட், ஹெரிங் கோவ் கரைகளில் நின்றபடியே அவற்றைப் பார்க்க வாய்ப்புண்டு. முதுகில் துடுப்பு இருக்காது. மூச்சு விடும்போது நீர்ப்புகை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இரண்டாகப் பிரிந்து எழும். அதைத் தேடுங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். காற்று அறையும், குல்லா கட்டாயம். திமிங்கலம் வராவிட்டாலும் பிராவின்ஸ் லேண்ட்ஸ் மணல்மேடுகளுக்கு நடுவே தார் போட்ட சைக்கிள் பாதை இருக்கிறது.

நியூபரிபோர்ட் அருகே பிளம் தீவில் இருக்கும் பார்க்கர் ரிவர் வனவிலங்குப் புகலிடமும் நல்ல தேர்வு. உப்பங்கழிகளில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் காலம் இது. பலகை நடைபாதைகளும் பார்வைக் கோபுரங்களும் உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: பைப்பிங் புளோவர் என்ற சிறு பறவை மணலில் முட்டையிடுவதற்காக ஏப்ரல் 1 முதல் அங்கே கடற்கரையை மூடிவிடுவார்கள். நாய்க்கு ஆண்டு முழுதும் அனுமதி கிடையாது.

பாஸ்டன்காரர்களுக்கு மினிட்மேன் பைக்வே. பெட்ஃபோர்டிலிருந்து லெக்ஸிங்டன், ஆர்லிங்டன் வழியாகக் கேம்பிரிட்ஜின் ஏல்வைஃப் ரயில் நிலையம் வரை சுமார் 10 மைல், பழைய ரயில் தடத்தில் போட்ட தார்ப் பாதை. வெர்மான்ட்டின் பர்லிங்டனில் ஷாம்ப்ளேன் ஏரியை ஒட்டிச் செல்லும் கிரீன்வே 8 மைல். அக்கரையில் அடிராண்டாக் மலைகள் இன்னும் வெள்ளையாக நிற்பதை இந்தக் கரையில் வெயிலில் உட்கார்ந்து பார்க்கலாம். பழைய ரயில் தடம் என்றாலே காய்ந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல தடங்களில் தாருக்குப் பதில் கல்தூள்தான் போட்டிருப்பார்கள், உருகும் நேரத்தில் அதுவும் இளகும்.

அருவி பார்க்க ஆண்டிலேயே சிறந்த நேரம் இதுதான், பனி முழுதும் அவற்றின் வழியாகத்தானே இறங்குகிறது. காட்டுக்குள் நடக்காமல் பார்க்கக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். வெர்மான்ட்டில் 100ஆம் எண் சாலையோரம், கிரான்வில்லில் இருக்கும் மாஸ் கிளென் அருவிக்குக் காரை நிறுத்திவிட்டுச் சிறு பலகைப் பாதையில் போனால் போதும். குவீச்சி பள்ளத்தாக்கை 4ஆம் எண் சாலையின் பாலத்திலிருந்தே பார்க்கலாம், கீழே 165 அடி. அருவிகளின் பக்கத்தில் பாறைகள் நீர்த்துளி உறைந்து கண்ணுக்குத் தெரியாத ஐஸ் பூசியிருக்கும். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம்.

மலை உச்சியில் நின்றால்தான் எனக்குத் திருப்தி. வழியே இல்லையா?

இருக்கிறது. உச்சி வரை தார் ரோடு போட்ட மலைகளைத் தேடுங்கள். சீசன் தொடங்கும் முன்பு கார்களுக்கு கேட் சாத்தியிருக்கும், நடப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. வண்டி நடமாட்டம் இல்லாத மலைச்சாலையில் நடுரோட்டில் நடந்து ஏறுவது தனி சுகம்.

ஷார்லட்டில் இருக்கும் மவுன்ட் ஃபிலோ 968 அடிதான், ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் ஷாம்ப்ளேன் ஏரி முழுதும் விரிந்து தெரியும். 1924இல் உருவான இதுதான் வெர்மான்ட்டின் முதல் மாநிலப் பூங்கா. மாசச்சூசெட்ஸில் வச்சூசெட் 2,006 அடி. மாநிலத்தின் மிக உயர்ந்த கிரேலாக் 3,491 அடி. அதன் சாலை நீளமானது, மேல்பாதியில் ஏப்ரலில் பனி கிடக்கும். பாதியில் திரும்பினாலும் அன்றைய பொழுது வீணில்லை.

சேறு என் காலில்தானே படுகிறது? பாதையை ஏன் மூடவேண்டும்?

உங்கள் ஷூவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, பாதையைப் பற்றித்தான். ஈரத்தில் ஊறிய மண்ணில் ஒரு கால் இறங்கினால் குழி. அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். அடுத்து வருபவர் அதைத் தவிர்க்க ஓரமாக நடப்பார், அதற்கடுத்தவர் இன்னும் ஓரமாக. ஓரத்துப் பாசியும் செடியும் வேரோடு போய், மூன்றடிப் பாதை பத்தடிச் சேற்றுத் திடலாகும். சரிவான இடத்தில் மழை வந்து தளர்ந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போனபின் வெறும் வேரும் கல்லும்தான் மிச்சம். உயரத்தில் மண்ணே சில அங்குலம்தான். அது மறுபடி உருவாக எத்தனையோ தலைமுறை ஆகும்.

வெர்மான்ட்டை வடக்கு தெற்காக 272 மைல் கடக்கும் லாங் டிரெயிலைப் பராமரிப்பது கிரீன் மவுன்டன் கிளப், 1910இல் தொடங்கிய அமைப்பு. பாதையைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. அவர்களும் மாநில அரசும் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசியில் வரும் மெமோரியல் டே வார இறுதி வரை உயரப் பாதைகளை விட்டு விலகியிருக்கச் சொல்கிறார்கள். மவுன்ட் மான்ஸ்ஃபீல்டு, கேமல்ஸ் ஹம்ப் எல்லாம் இதில் அடக்கம். மெய்னில் அகேடியா தேசியப் பூங்கா ஒருபடி மேலே போய், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் அமைத்த 45 மைல் குதிரைவண்டிப் பாதைகளைத் தரை இளகும் வாரங்களில் நடப்பவர்களுக்கும் சேர்த்தே மூடிவிடும். அகலமான, சரளை போட்ட, வடிகால் வெட்டிய பாதைக்கே இந்தக் கதி என்றால் ஒற்றையடிப் பாதை எம்மாத்திரம்!

கார் பார்க்கிங்கில் புல் முளைத்திருக்கிறது. மேலே மட்டும் எப்படிப் பனி இருக்கும்?

இருக்கும், அதுவும் மோசமான வடிவத்தில். குளிர்காலம் முழுக்க ஆட்கள் நடந்து நடந்து பாதையின் நடுவில் பனி இறுகிப்போயிருக்கும். ஓரத்துப் பனி முதலில் உருகிவிட, நடுவில் ஓரடி அகலத்துக்கு வழுக்கும் முகடு மட்டும் நிற்கும். அதற்கு இங்கே மோனோரயில் என்று பேர். அதன்மேல் நடக்க ஷூவில் மாட்டும் சிறு ஆணி வளையங்கள் வேண்டும். கொஞ்சம் பிசகினால் பக்கத்துப் பஞ்சுப் பனியில் தொடை வரை இறங்கும். காலை உருவி எடுத்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... ஒரு மைல் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அடியில் உருகிய நீர் ஓடிக்கொண்டிருந்தால் ஷூவும் நிறையும். நனைந்த காலோடு உயரத்தில் மாட்டிக்கொள்வது விளையாட்டில்லை. 50 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலிலும் உடல் சூடு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

நடந்துகொண்டிருக்கும்போது வழியில் சேறு வந்தால்?

சின்னத் திட்டு என்றால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். சுற்றிப் போகாதீர்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பாதை அகலாமல் இருக்க அது ஒன்றுதான் வழி. தொடர்ந்து சேறாகவே இருந்தால் திரும்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமையே இரண்டாவது இடம் ஒன்றை யோசித்து வைத்திருந்தால் திரும்புவது வலிக்காது.

எந்த நேரத்தில் கிளம்பலாம்?

காலையில். இரவு உறைநிலைக்குக் கீழே போயிருந்தால் காலை ஒன்பது மணி வரை தரை கெட்டியாக இருக்கும், அதே இடம் மதியம் களியாகிவிடும். முந்தைய இரவின் வெப்பநிலையைப் பார்க்காமல் பகல் வெப்பநிலையை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடுவதால் மாலை வெளிச்சம் நீளும். அந்த நீண்ட மாலையைத் தார்ப் பாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை நிலவரம் தெரிய அந்தப் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். நடந்தவர்கள் போடும் படங்களும் உதவும், ஆனால் தேதியைப் பார்த்து நம்புங்கள். பத்து நாள் பழைய படம் வேறொரு பருவத்துப் படம்.

மவுன்டன் பைக் ஓட்டலாமா?

மண் பாதையில் டயர் தடம் பதிந்தால் ஓட்டக்கூடாது, திரும்பிவிடவேண்டும். வடக்கே பெரும்பாலான பைக் பாதைகள் ஏப்ரலில் மூடியே இருக்கும். தார் சாலையில் ஓட்டுங்கள், ஆனால் குளிர்காலம் விட்டுப்போன மணலும் குழியும் திருப்பங்களில் காத்திருக்கும்.

மேப் குறுக்கு வழி காட்டுகிறது. மண் சாலையில் காரை விடலாமா?

வேண்டாம். வெர்மான்ட்டின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலைகள். உள்ளூர்க்காரர்களே இந்த மாதங்களில் சுற்றிப் போவார்கள். மேப்புக்குத் தூரம் தெரியும், சேறு தெரியாது. அது "7 நிமிடம் மிச்சம்" என்று காட்டும் சாலையில் முன்னால் போன லாரியின் சக்கரத் தடம் ஓரடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருக்கும். காரின் வயிறு நடுவில் தட்டி நின்றால் நாலு சக்கரத்திலும் இழுவை இருந்தும் பிரயோஜனமில்லை. கிளம்பும் முன் செயலியில் மண் சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிட்ட மாநிலச் சாலைகளிலேயே போங்கள்.

கட்டாயம் போகவேண்டியிருந்தால் காலையில், உறைந்திருக்கும்போது போங்கள். பள்ளத்துக்குள் சக்கரத்தை விடாமல் மேட்டிலேயே, ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் ஓட்டவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: குளிர்காலத்தில் தூவிய உப்பை நக்க மூஸ் மான்கள் சாலையோரம் வரும். அதன் கால்கள் உயரம், கரிய உடம்பு ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே போய்விடும். அந்தி சாய்ந்தபின் வேகத்தைக் குறையுங்கள்.

என்ன போட்டுக்கொண்டு போவது?

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ் தட்டையான இடங்களுக்கு அருமை. ஏற்றம் இருந்தால் நீர் புகாத ஹைக்கிங் ஷூ, கம்பளி சாக்ஸ். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரைப் பிடித்துவைக்கும். காரில் மாற்று ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், பழைய துண்டு, சேற்று ஷூவைப் போட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றுப் பேன்ட்டும் சேர்த்து.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களை எங்கே கூட்டிப் போகலாம்?

மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு. மட் சீசனும் மேப்பிள் சீசனும் ஒரே வானிலையின் இரண்டு பக்கங்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். சாறு பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும், இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் சர்க்கரை. ஏறக்குறைய 40 கேலன் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகு. அகலமான தகரத் தொட்டியில் அது கொதித்து, கூரைத் திறப்பு வழியாக வெள்ளைப் புகையாக நீராவி வெளியேறுவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். உள்ளே நுழைந்தால் மூக்குக் கண்ணாடியெல்லாம் இனிப்பு ஆவி படியும். பாகு பதம் பார்க்கிறவர் அகலக் கரண்டியில் மொண்டு சாய்ப்பார். சொட்டுச் சொட்டாக விழாமல் ஓரத்தில் திரண்டு தகடாக இறங்கினால் பதம் வந்துவிட்டது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய அம்மாவுக்கு இதை விளக்கவே தேவையிருக்காது, அங்கே நிற்பவரிடம் அவரே பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

மெய்னில் மார்ச் நான்காவது ஞாயிறு மேப்பிள் ஞாயிறு, கொட்டகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். வெர்மான்ட்டிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் மார்ச்சில் இதேபோன்ற வார இறுதிகள் உண்டு. கொட்டகைக்குப் போகும் கடைசி அரை மைல் மண் சாலையாக இருக்க வாய்ப்பு அதிகம். தார் சாலையோரம் இருப்பதா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கொட்டகை முற்றமும் சேறுதான், பெரியவர்களுக்குச் செருப்பு ஆகாது.

பிள்ளைகளுக்கு மழை பிடிக்கும். மழைநாளில் ஏதாவது?

மழைநாளில் இல்லை, மழை இரவில். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் முதல் மழை இரவுகளில், பல்லி போலிருக்கும், மஞ்சள் புள்ளி போட்ட சாலமாண்டர்களும் காட்டுத் தவளைகளும் காட்டிலிருந்து இறங்கி, பனி உருகித் தேங்கிய குட்டைகளுக்கு முட்டையிடப் போகும். வழியில் ரோட்டைக் கடக்கும்போதுதான் ஆபத்து. மாசச்சூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் 1987இல் இவற்றுக்காகவே ரோட்டுக்கு அடியில் குட்டிச் சுரங்கங்கள் அமைத்தார்கள். பல ஊர்களில் தன்னார்வலர்கள் டார்ச்சோடு நின்று அவற்றைக் கடத்திவிடுவார்கள், சேர்ந்துகொள்ளலாம். கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் தொடவேண்டும். லோஷனோ கொசு மருந்தோ பட்டால் அவற்றின் தோலுக்குக் கேடு. ஒளிரும் சட்டை போடாமல் இருட்டில் ரோட்டில் நிற்கவேண்டாம். அடுத்த சில நாட்களில் பகலில் காட்டோரம் வாத்துச் சத்தம் கேட்டால் வாத்தைத் தேடாதீர்கள், அது காட்டுத் தவளை.

ஏரியில் படகு விடலாமா? ஐஸ் மேல் நடக்கலாமா?

ஐஸ் மேல் இனி வேண்டவே வேண்டாம். ஜனவரியில் நாலு அங்குல ஐஸ் ஆளைத் தாங்கும். வசந்தத்தில் அதே தடிமன் உள்ளே நொய்ந்து ஊசி ஊசியாகப் பிரியும், கரையோரம் முதலில் விட்டுப்போகும்.

படகைப் பொறுத்தவரை, காற்றின் சூட்டை நம்பி இறங்காதீர்கள். 65 டிகிரி வெயிலில் நீர் 40இல் இருக்கும். விழுந்தவுடன் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கை சொன்னபடி கேட்காது. மாசச்சூசெட்ஸில் கயாக்கிலும் கனூவிலும் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை உயிர்காப்பு ஜாக்கெட்டை அணிந்தே இருக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. புதியவர்கள் மே கடைசி வரை பொறுங்கள்.

இந்தக் குளிரில் உண்ணி இருக்குமா?

இருக்கும். கருங்கால் உண்ணியின் வளர்ந்த வடிவம் உறைநிலையைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கும். இது பரப்பும் லைம் நோய்க்குப் பெயர் வந்ததே கனெக்டிகட்டின் லைம் ஊரிலிருந்துதான். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். கிருமி தொற்றப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டியிருக்கவேண்டும், ஆகவே அன்றிரவே எடுத்துவிட்டால் பயமில்லை. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

அப்போ பெரிய மலைகளுக்கு எப்போதுதான் போவது?

மெமோரியல் டே வார இறுதியிலிருந்து வெர்மான்ட்டின் பெரும்பாலான பாதைகளில் போகலாம். நியூ ஹாம்ப்ஷயரின் வைட் மவுன்டன்ஸில் ஜூன் தொடக்கம் வரை நிழலான பாதைகளில் மோனோரயில் மிச்சமிருக்கும். அகேடியாவின் பிரெசிபிஸ் பாதைக்கு இன்னும் பொறுமை வேண்டும், பெரிகிரின் வல்லூறுகள் அங்கே குஞ்சு பொரிப்பதால் வழக்கமாக ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மூடியிருக்கும். சேறு காய்ந்த கையோடு கறுப்பு ஈக்கள் கிளம்பிவிடும். அன்னையர் தினத்திலிருந்து தந்தையர் தினம் வரை அவற்றின் ஆட்சி என்று உள்ளூரில் சொல்வார்கள். ஜூன் முதல் வாரத்தில் மலையேறுவதாக இருந்தால் தலைக்குப் போடும் வலையை இப்போதே வாங்கி வையுங்கள்.